எல்லாம் தானாக நடந்தது

‘தானாய்ப்போச்சு’ என்ற இனத்தைச் சேர்ந்தவர்களை அடையாளம் கண்டுகொள்ள நீங்கள் அதிகம் சிரமப்பட வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தால் போதும். நீங்களோ நானோ வாங்கினால் டம்ளரை உடைப்போம், அல்லது உடைக்காமல் திருப்பிக் கொடுப்போம். அவர்கள் வாங்கினால் டம்ளர் உடைந்துபோகும். அவர்கள் ரயிலைத் தவறவிடுவதில்லை, ரயில் போய்விடும். குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுவதில்லை, உப்பு கூடிவிடும். உலகத்திலுள்ள ஜடப்பொருள்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு நல்ல மனிதருக்கு எதிராகச் சதி செய்வதைப் போலவும், அந்த மனிதர் அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் போலவும் ஒரு முகபாவம் அவர்களுக்கு உண்டு. கோபித்துக்கொள்ளப் போன நீங்கள் கடைசியில் அவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்புவீர்கள்.

திண்டுக்கல்லில் இந்த இனத்துக்குத் தலைசிறந்த பிரதிநிதியாக விளங்கியவர் சுருளிவேல். சொந்த ஊர் கன்னிவாடி. நான் சொல்கிற காலத்தில் அவருக்கு வயது நாற்பத்தேழு. ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் தலைமை எழுத்தர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்று எழுதும். இன்னொன்று எழுதாமல் போய்விட்டது.

அவர் வேலையில் சேர்ந்த பதினான்கு வருஷத்தில் அந்த அலுவலகத்தில் இரண்டு டைப்ரைட்டர்கள் கெட்டுப்போயின. ஒரு சுவர்க் கடிகாரம் நின்றுபோயிற்று. சரித்திர ஆசிரியர் முத்துச்சாமியின் பிறந்த தேதி சர்வீஸ் புத்தகத்தில் மூன்று வருஷம் தள்ளிப்போய், அவர் தம் சொந்தத் தம்பிக்கே தம்பியாகிவிட்டார். முத்துச்சாமி வந்து கேட்டபோது, தேதி மாறிப்போயிருக்கிறது என்று சுருளிவேல் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். அப்படியானால் ஓய்வு பெறும் நாளும் மூன்று வருஷம் தள்ளிப்போகும் என்பதை மனத்துக்குள் கூட்டிப் பார்த்த முத்துச்சாமி அதற்குமேல் பேசவில்லை.

உருண்டான் என்றால் தன்வினை, உருட்டினான் என்றால் பிறவினை என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சுருளிவேல் அந்தப் பாடத்தின் முதல் வரியோடு நின்றுவிட்டவர். அவர் வாழ்க்கையில் எதுவும் உருட்டப்பட்டதில்லை. எல்லாம் உருண்டன.

இப்படிச் சொந்தச் சாமர்த்தியத்தை மட்டும் நம்பிக் காலம் தள்ளிக்கொண்டிருந்த அவருக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் ஆதரவு கிடைத்தது. ஸ்பெயின் தேசத்திலிருந்து.

அந்த வருஷம் பள்ளிக்குப் புதிய தாளாளராக வந்தவர் எஸ்தேவான் சாமி என்ற ஸ்பானியப் பாதிரியார். முப்பத்தொரு வயது, நெட்டையான உருவம், எதையும் உடனே செய்து முடிக்க வேண்டும் என்கிற அவசரம். கப்பலில் வரும்போதே தமிழ் படித்துக்கொண்டு வந்துவிட்டார். தமிழில் எல்லாம் அவருக்குப் பிடிபட்டது. ‘கொள்’ என்பது மட்டும் பிடிபடவில்லை. எங்கே அதைச் சேர்க்க வேண்டும், எங்கே சேர்க்கக் கூடாது என்பது தெரியாமல், சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் மரியாதைக்காக ஒரு ‘கொள்’ளைச் சேர்த்துவந்தார். வந்த இரண்டாவது மாதம், மகளின் கல்யாணத்துக்கு நாள் கேட்டு ஒரு விவசாயி அவரிடம் வந்தார். சாமி அவர் தோளைத் தட்டி, “கவலைப்படாதீங்க. வர்ற புதன்கிழமை உங்க மகளை நானே கட்டிக்கொள்கிறேன்” என்றார். கட்டிவைக்கிறேன் என்று சொல்ல நினைத்ததுதான். விவசாயி தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தார். சாயங்காலத்துக்குள் சேதி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது.

மறுநாளே சாமி, பள்ளி விட்ட பிறகு தினம் ஒரு மணி நேரம் தமக்கு இந்தக் ‘கொள்’ளைச் சொல்லித்தர வேண்டும் என்று சுருளிவேலைக் கேட்டார். தமிழாசிரியரைக் கேட்கவில்லை, அவர் நூற்பாவிலிருந்து ஆரம்பிப்பார் என்ற பயம். சுருளிவேல் உதாரணத்திலிருந்து ஆரம்பித்தார். சட்டையை மாட்டினேன் என்றால் ஆணியில் மாட்டியது, மாட்டிக்கொண்டேன் என்றால் உடம்பில். சாமி நெற்றியில் அடித்துக்கொண்டு எழுந்தார். இது எங்கள் ஊரிலேயே இருக்கிறதே என்று சொல்லி, கரும்பலகையில் தம்முடைய பாஷையில் எழுத ஆரம்பித்தார்.

மே, தே, ஸே, நோஸ் என்று அங்கே சின்னச் சின்ன வார்த்தைகள் இருக்கின்றனவாம். செய்கிறவன் செய்வது அவன் மேலேயே திரும்பினால், வினைக்கு முன்னால் அதில் ஒன்றைப் போட வேண்டும். நான் என்றால் ‘மே’. மே லாவோ: என்னைக் கழுவிக்கொள்கிறேன். மே லெவான்தோ: என்னை எழுப்பிக்கொள்கிறேன். மே யாமோ சுருளிவேல்: என்னைச் சுருளிவேல் என்று அழைத்துக்கொள்கிறேன், அதாவது என் பெயர் சுருளிவேல். இதைக் கேட்டதும் நம்மவருக்கு அந்த தேசத்து ஜனங்கள் மேல் இரக்கம்தான் வந்தது. தன்னைத் தானே எழுப்பி, தன்னைத் தானே கழுவி, தன்னைத் தானே பெயர் சொல்லிக் கூப்பிட்டு… ஒரு ஒத்தாசைக்கும் ஆள் இல்லை போலிருக்கிறது. அவரைக் காலையில் எழுப்புவது மனைவி காளியம்மாள். அதுவும் மூன்று தடவை.

ஆனால் பத்தாம் நாளோ என்னவோ, பாடத்தின் நடுவே சாமியின் முழங்கை பட்டு மேசையிலிருந்த காப்பி டம்ளர் கீழே விழுந்தது. “ஸே மே கயோ” என்றார் சாமி, குனிந்து துடைத்தபடி.

சுருளிவேல் அதற்கு அர்த்தம் கேட்டார். கீழே போட்டுவிட்டேன் என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வது வழக்கம் என்று சாமி விளக்கினார். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால், ‘அது தன்னை விழுத்திக்கொண்டது, எனக்கு’ என்று வரும். மறந்துவிட்டேன் என்பதற்கு ஸே மே ஒல்விதோ: அது தன்னை மறக்கடித்துக்கொண்டது. தொலைத்துவிட்டேன் என்பதற்கு ஸே மே பெர்தியோ: அது தன்னைத் தொலைத்துக்கொண்டது.

சுருளிவேல் எழுந்து நின்றுவிட்டார்.  இத்தனை காலம் ஒண்டியாய் நின்று, மனைவியிடமும் தலைமையாசிரியரிடமும் தணிக்கைக்காரர்களிடமும் தான் மன்றாடிவந்த ஓர் உண்மையை, ராஜாக்களும் கப்பல்களும் உள்ள ஒரு முழு தேசம் இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறது. தான் ஒரு பொய்யன் அல்ல. ஊர் மாறிப் பிறந்துவிட்டவன். அவ்வளவுதான்.

அன்றுமுதல் தமிழ்ப் பாடம் ஸ்பானியப் பாடமாகவும் ஆயிற்று, அவர் பேச்சில் ஸ்பானியம் புகுந்தது. தமிழில் சொன்னால் பதிலுக்கு ஏதாவது சொல்வார்கள். ஸ்பானியத்தில் சொன்னால் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பார்கள். முத்துச்சாமி லீவு விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்தால், “ஸே மே ஒல்விதோ, சார்” என்பார். ஏதோ மேலிடத்து உத்தரவு என்று நினைத்துக்கொண்டு முத்துச்சாமி போய்விடுவார். வீட்டில் மட்டும் இது அவ்வளவாகப் பலிக்கவில்லை. வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் வாங்காமல் வந்து நின்ற ஒரு சாயங்காலம், அதே மந்திரத்தைக் காளியம்மாளிடம் சொன்னார்.

காளியம்மாள் பையை வாங்கி உள்ளே பார்த்தாள். “அது என்ன காயி? பையில ஒண்ணையும் காணமே” என்றாள்.

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. இனிமேல் சொல்லப்போவதற்கும் நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அப்போது அதில் சம்பந்தப்பட்ட யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துவந்த சகாயசெல்வி என்ற பெண்ணுக்கு இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், ஆசிரியர் பயிற்சி பெறாதவள், ஆகையால் தற்காலிகம். அவளுடைய தாய் லூர்தம்மாள் ஒரு சுருட்டுக் கம்பெனியில் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். பயிற்சி பெறாதவர்களை ஜூலைக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறுபத்துமூன்றில் மேலிருந்து உத்தரவு வந்தது. பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தால் இரண்டு வருஷத்தில் நிரந்தர ஆசிரியை. கிடைக்காவிட்டால் லூர்தம்மாளுக்குப் பக்கத்தில் சுருட்டு சுற்றும் பலகை ஒன்று காலியாக இருந்தது. கம்பெனி மேஸ்திரி வாரம் ஒரு தடவை அதை ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்தார்.

ஜூன் மாதம் ஐந்தாம் தேதி மாலை, சகாயசெல்வி தன் விண்ணப்பத்தையும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு, தாளாளரின் கையெழுத்தும் வாங்கி, மதுரைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிச் சுருளிவேலிடம் கொடுத்தாள். இருபதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அவர் வாங்கிக்கொண்டார். மணி நாலு அடித்தது. ஸ்பானியப் பாடத்துக்கு நேரமாகிவிட்டது. நாளைக்கு அனுப்பலாம் என்று எதிரே விரிந்திருந்த பெரிய அட்மிஷன் ரிஜிஸ்டருக்குள் கவரை வைத்து மூடினார். ரிஜிஸ்டர் முடிந்துபோன ரிஜிஸ்டர். அதை எடுத்துப் பீரோவின் மேல் போடச் சொல்லிப் பியூன் சடையாண்டியிடம் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு சகாயசெல்வி மூன்று தடவை வந்து கேட்டாள். மூன்று தடவையும் அவர், “போயிருச்சும்மா” என்றார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. கொடுத்த கவர் போகாமல் எங்கே இருக்கப் போகிறது?

ஜூன் கடைசி வாரம் விண்ணப்பித்த மற்றப் பெண்களுக்கெல்லாம் ஜூலை மூன்றாம் தேதி நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. சகாயசெல்விக்கு வரவில்லை. அவள் நேரே அலுவலகத்துக்கு வந்து, கவரை அனுப்பிய தேதியும் நம்பரும் வேண்டும் என்று கேட்டாள். தபால் பதிவேட்டைப் புரட்டினார்கள். தேதியும் இல்லை, நம்பரும் இல்லை. விஷயம் எஸ்தேவான் சாமியிடம் போயிற்று. சாமி கேட்டதற்குச் சுருளிவேல் தலையைத் தாழ்த்தி, “ஸே மே பெர்தியோ, சாமி” என்றார். சாமி அவரை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார்.

பள்ளிக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். அங்கே சுருளிவேல் சொன்னது ஒரே வாக்கியம். தபால்கள் எல்லாம் சடையாண்டி கை வழியாகத்தான் போகும் என்றார். ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். மீதி எல்லாம் தானாக நடந்தது. சந்தேகம் சடையாண்டியின் மேல் விழுந்தது. கவனித்தீர்களா? யாரும் அதை அவர் மேல் போடவில்லை. விழுந்தது.

சடையாண்டிக்கு ஐம்பது வயது இருக்கும். பத்தொன்பது வருஷமாக அந்தப் பள்ளியில் மணி அடிப்பவர். கவர் எதுவும் தன் கைக்கு வரவில்லை என்று ஒரே தடவை சொன்னார். அவருக்குத் தெரிந்த இலக்கணத்தில் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. முடிவு தெரியும்வரை சாவியையும் மணியையும் தொடக் கூடாது என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். மணி அடிக்கும் பொறுப்பை டிரில் மாஸ்டர் ஏற்றார். முதல் நாளே மத்தியானச் சாப்பாடு பதினோரு மணிக்கு வந்துவிட்டது.

மூன்றாம் நாள், ஜூலை முதல் தேதி, சடையாண்டியை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவைத் தயாரித்துக் கொண்டுவரும்படி குழு சுருளிவேலுக்குச் சொல்லி அனுப்பியது. யாரையும் நீக்கிப் பழக்கமில்லாத பள்ளி. பழைய உத்தரவு ஏதாவது இருந்தால் பார்த்து எழுதலாம் என்று அவர் நாற்காலியில் ஏறிப் பீரோவின் மேல் துழாவினார். கட்டுகள் சரிந்தன. தடித்த ரிஜிஸ்டர் ஒன்று தலைகீழாகக் கீழே விழுந்து, பழுப்புக் கவர் வெளியே வந்து கிடந்தது.

அவருடைய பதினான்கு வருஷ சர்வீஸில் ஒரு பொருள் உண்மையிலேயே தானாக விழுந்தது அன்றைக்குத்தான்.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு வந்து கவரைப் பிரித்தார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளங்கள் எழுதும் பக்கம் திறந்துகொண்டது. இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. வலது உள்ளங்கையில் ஒரு மச்சம். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கவர் மறுபடியும் பீரோவின் மேல் போய்விடலாம். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் விழுந்துவிடலாம். இந்த வாக்கியங்கள் எல்லாம் வழக்கம்போலத் தாமாகவே அவர் மனத்தில் அமைந்தன. ஆனால் கிணறு வரைக்கும் கவர் நடந்து போகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே படிக்கட்டில் சடையாண்டி உட்கார்ந்திருந்தார். சாவி இல்லாத, மணி இல்லாத ஆள் எங்கே போவது என்று தெரியாமல் மூன்று நாளாக அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பதினொன்றே கால் ஆயிற்று. மூன்றாவது பீரியட் முடிகிற நேரம். சடையாண்டியின் வலது கை மெல்ல உயர்ந்து, காற்றில் எதையோ இழுத்துவிட்டு, மடியில் வந்து படுத்தது. அப்படி ஒன்று நடந்தது அவருக்கே தெரியவில்லை.

சுருளிவேல் கவரை எடுத்துக்கொண்டு சாமியின் அறைக்குப் போனார்.

“கவர் கிடைச்சிருச்சு, சாமி.”

“எங்கே?”

“பீரோ மேல இருந்திருக்கு.”

“யார் வைத்தது?”

சுருளிவேல் தமிழில் ஓடி ஒளிய இடம் தேடினார். கிடைக்கவில்லை. ஸ்பானியத்தில் நுழைந்தார். “ஸே மே ஒல்விதோ” என்றார் தாழ்ந்த குரலில்.

எஸ்தேவான் சாமி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு ஒரு மாணவன் வாத்தியாரிடம் சந்தேகம் கேட்பதைப் போல, “இதில் ‘மே’ எதுக்குப் போட்டீங்க?” என்று கேட்டார்.

“நீங்கதான் சாமி அப்படிச் சொல்லணும்னீங்க.”

“‘ஸே’ மட்டும் போட்டால் அது தன்னை மறக்கடித்துக்கொண்டது. யாருக்கும் சம்பந்தம் இல்லை. ‘மே’ போட்டால் அந்த வாக்கியத்துக்குள்ளே நீங்க வந்து நிற்கிறீங்க. சின்ன வயசில் நான் குடத்தை உடைத்துவிட்டு எங்க அம்மாகிட்ட இப்படித்தான் சொல்வேன். அவங்க வேறே சாட்சி கேட்டதில்லை. அந்த ‘மே’க்குத்தான் அடி விழும்.”

அறையில் மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகத் தான் ஒளிந்திருந்த புதரில் தன் பெயரைத் தானே பலகை எழுதி நட்டு வைத்திருந்தது அப்போதுதான் சுருளிவேலுக்குத் தெரிந்தது. முத்துச்சாமியிடம், காளியம்மாளிடம், ஒவ்வொரு தடவையும் ‘மே’ என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குப் புரியவில்லை. சாமி ஒருவருக்குப் புரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

“மறந்துட்டேன், சாமி” என்றார். பிறகு, அது போதாது என்று தோன்றியதாலோ என்னவோ, “நாந்தான் ரிஜிஸ்டருக்குள்ள வச்சேன். நாந்தான் மேல போடச் சொன்னேன். சடையாண்டிக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். அந்த வினைமுற்றுகள் வாய்க்குப் பழக்கமில்லாததால் ஒவ்வொன்றும் பல்லில் இடித்துக்கொண்டு வெளியே வந்தது.

இதை இனிமேல் மூன்று இடத்தில் சொல்ல வேண்டும் என்றார் சாமி. சடையாண்டியிடம், அந்தப் பெண்ணிடம், மதுரையில்.

சடையாண்டியிடம் சொல்வது சுலபமாக முடிந்தது. சுருளிவேல் படிக்கட்டில் நின்று சொன்னதை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்ப நான் மணி அடிக்கப் போகலாமுங்களா?” என்றார். போகலாம் என்றதும் போனார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று சுருளிவேல் அன்று முழுவதும் நினைத்தார்.

சகாயசெல்வியின் வீட்டுக்கு அவர் போனபோது லூர்தம்மாள் வேலையிலிருந்து வந்து, புகையிலை நெடி போகக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து ஐயா தன் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார் என்று பதறிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. கவரை நீட்டி, நடந்ததைச் சொன்னார். லூர்தம்மாளுக்கு அது சரியாகப் புரியவில்லை. கவர் கிடைத்துவிட்டது என்பது மட்டும் புரிந்து, ஐயாவுக்குக் கருப்பட்டிக் காப்பி போடப் போனாள்.

மகளுக்கு எல்லாம் புரிந்தது.

“மூணு தடவை வந்து கேட்டேன் சார்.”

“ஆமாம்மா.”

“போயிருச்சுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“போய்ப் பார்த்தீங்களா?”

“பார்க்கல.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். அவள் உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் அட்டையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். மதுரைக்கு இப்பவே ஒரு கடிதம் எழுதுங்கள் சார், நான் பார்க்க வேண்டும் என்றாள்.

சுருளிவேல் முக்காலியில் உட்கார்ந்து எழுதினார். இந்தக் காரியத்தில் அவருக்கு நிகர் கிடையாது. ‘தவிர்க்க இயலாத காரணங்களினால் மேற்படி விண்ணப்பம் அனுப்பப்படுவதில் காலதாமதம் நேரிட்டுவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’ சகாயசெல்வி வாங்கிப் படித்தாள். நாலாம் வகுப்புக் கட்டுரை நோட்டைத் திருத்துகிறவள் எப்படித் திருத்துவாளோ அப்படித் திருத்தினாள். நேரிட்டதுன்னா யார் செஞ்சது சார் என்று கேட்டாள். அவர் அடித்துவிட்டு, ‘அலுவலகக் கவனக்குறைவினால்’ என்று எழுதினார். அலுவலகத்துக்குக் கவனம் உண்டா என்று கேட்டாள். ‘எழுத்தரின் கவனக்குறைவினால்’ என்று எழுதினார். எந்த எழுத்தர் என்று கேட்டாள். அதற்குள் காப்பி வந்து, ஆறி, ஏடு கட்டிவிட்டது. ஐந்தாவது தாளில் இப்படி இருந்தது: ‘இந்தப் பெண் ஜூன் ஐந்தாம் தேதியே கவரை என்னிடம் கொடுத்தாள். நான் ரிஜிஸ்டருக்குள் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். அனுப்பியதாக மூன்று தடவை அவளிடம் சொன்னேன். அது பொய். தவறு என்னுடையது. சுருளிவேல், தலைமை எழுத்தர்.’

அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, “இப்ப சரி” என்றாள்.

மறுநாள் காலை ரயிலில் இருவரும் மதுரைக்குப் போனார்கள். சேர்க்கை அலுவலகத்தில் கடிதத்தை வாங்கிய குமாஸ்தா படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுருளிவேலை ஏற இறங்கப் பார்த்தார். சற்று நேரத்தில் நான்கு பேர் அந்தத் தாளைச் சுற்றி நின்றார்கள். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை என்று ஒருவர் சொன்னார். இதை எந்த ஃபைலில் வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. தவிர்க்க இயலாத காரணங்களுக்கு ஒரு ஃபைல் இருந்தது. தபால் தாமதத்துக்கு ஒரு ஃபைல் இருந்தது. வெள்ளம், கறையான் இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஃபைல் இருந்தது. ‘நான் செய்தேன்’ என்பதற்கு ஃபைல் இல்லை.

தாள் உள்ளே அதிகாரியிடம் போயிற்று. அவர் ஒரு முழு மணி நேரம் அதை வைத்திருந்தார். விண்ணப்பங்களை நிராகரிக்க அச்சடித்த ஒரு படிவம் உண்டு. அதில் ஏழு காரணங்கள் இருந்தன. ஏழில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. எட்டாவது காரணம் ஒன்றைச் சேர்ப்பதென்றால் சென்னைக்கு எழுத வேண்டும். சென்னையிலிருந்து பதில் வருவதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளைகள் வந்துவிடும். நிராகரிக்க வழியில்லாததால் அவர் ஏற்றுக்கொண்டார். சகாயசெல்வி மறுநாள் நேர்முகத்தில் உட்கார்ந்தாள். இடம் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து அவள் ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் நிரந்தர ஆசிரியையாகச் சேர்ந்தாள். அங்கே அவள் வகுப்பில் ‘பென்சில் தொலைஞ்சிருச்சு டீச்சர்’ என்று சொல்லிவிட்டு எந்தப் பிள்ளையும் சுலபமாக உட்கார முடியாது என்று கேள்வி.

சுருளிவேல் திருந்தினாரா என்று கேட்பீர்கள். திருந்தினார். ஏறக்குறைய மூன்று வாரம். அதற்குப் பிறகு ஒரு நாள் மைக்கூட்டைச் சம்பளப் பட்டியலின் மேல் கவிழ்த்தார். “கொட்டிருச்சு” என்றார். படிக்கட்டில் நின்றிருந்த சடையாண்டி அவரைத் திரும்பிப் பார்த்தார். சுருளிவேல் சற்றுத் தயங்கி, “எங்கிட்டயிருந்து” என்று சேர்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஆனாலும் அது ஒரு ‘மே’தானே.

எஸ்தேவான் சாமிதான் நாளாக நாளாகக் கெட்டுப்போனார். அவருடைய தமிழ் அவ்வளவு தேறிவிட்டது. மேற்றிராணியார், அதாவது பிஷப், வந்திருந்த அன்று, கூட்டத்துக்கு ஏன் தாமதம் என்று அவர் கேட்டதற்குச் சாமி, “நேரமாயிருச்சு” என்று சொல்லிவிட்டுச் சாவதானமாக உட்கார்ந்தார். அதில் எந்த ‘மே’யும் இல்லை. ஸ்பானியர்களால் கூட முடியாததை நம்முடைய பாஷை எத்தனை சுலபமாகச் செய்துவிடுகிறது என்று அவர் வியந்ததாகச் சொல்வார்கள்.

உங்களைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நீங்கள் அந்த இனம் இல்லை. இருந்தாலும் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே மையால் எழுதியிருப்பது உங்கள் பெயர்தானா? வேறு யாருடைய பெயராவது இருந்தால், இது எப்படி உங்கள் வீட்டில் வந்து தங்கிவிட்டது என்று எனக்கு விளக்க வேண்டாம். அதைப் பெயருக்கு உரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். வாக்கியத்தை எங்கே தொடங்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.